விரதம் பிடித்த மோட்டார் சைக்கிள்

1935ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் பதினாறாம் திகதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. விடிவதற்கு முன்பே எழுந்த சோளகக் காற்று, கொக்குவில் ஒழுங்கைகளின் புழுதியை வேலிகளுக்கு மேலாகத் தூக்கி வளவுகளுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு முகிலும் இல்லை.

அந்தப் புழுதியோடு சூசைதாசனும் ஒரு வளவின் வாசற்படலைக்குள் தள்ளப்பட்டார். இரண்டு பேர் அவருடைய கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தனர். மூன்றாமவர் பிடரியில் கொடுத்த உந்தலில் அவர் பந்தற்காலில் முகம் மோதி, முழங்காலில் விழுந்தார். பந்தலுக்கு வெள்ளை கட்டிக்கொண்டிருந்தவர், விழுந்தவரின் வாயிலிருந்து வந்த இரத்தம் துணியில் படாதபடி அதைச் சற்று மேலே இழுத்துப் பிடித்தார்.

விறாந்தையில் இருந்து ஈ விரட்டிக்கொண்டிருந்த மீனாம்பிகையின் விசிறி நின்றது. ஈக்கள் உடனே இறங்கின.

பாயில் கிடந்தவர் அவளுடைய சின்னண்ணை சீவரத்தினம். நில அளவைக் கந்தோரில் உத்தியோகம். குடாநாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை மோட்டார் சைக்கிளில் சுற்றித் திரிவதே தொழில். முந்திய நாள் மாலை, பருத்தித்துறையிலிருந்து திரும்பும் வழியில், நெல்லியடிக்கு இப்பால், நேரான தெருவில், எதிரே ஆளோ மாடோ வண்டியோ இல்லாத இடத்தில், மோட்டார் சைக்கிளின் பின்சில்லு ஓடிக்கொண்டிருக்கையிலேயே இறுகி நின்றுவிட்டது. சில்லு நின்றது, சீவரத்தினம் நிற்கவில்லை. மதகின் கல் அவருடைய தலையின் வலப்புறத்தை உடைத்தது.

மரண விசாரணை அதிகாரி வந்து பார்க்கும்வரை உடலைக் கழுவக்கூடாது, உடுப்பை மாற்றக்கூடாது என்று ஊரதிகாரியான விதானையார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆகவே இரத்தம் காய்ந்து, தோளும் சட்டையும் ஒரே மரப்பட்டைபோல் ஆகியிருந்தன. அரப்பும் நல்லெண்ணெய்ப் போத்தலும் சுவரோரம் தயாராக இருந்தன. பறையடிப்பவர்களும் வேலியோரம் பறையைக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தார்கள். உள்ளே, சின்னண்ணையின் மனைவி பராசக்தி, கைக்குழந்தையை மடியில் போட்டபடி, அழுது முடித்தவளைப் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உவன்தான். உவன்ரை கைதான் இதைச் செய்தது!"

முற்றத்தில் நின்று கத்தியவர் பெரியண்ணை முத்துக்குமாரு. தகப்பன் இல்லாத அந்த வீட்டுக்குத் தகப்பனாய் இருந்தவர்; நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வாய்க்குள் தேவாரமும் வயிற்றுக்குள் ஒருநேரச் சோறுமாய் நடப்பவர். அவர் வேலியிலிருந்து ஒரு கிளுவங்கதியால் தடியைப் பிடுங்கினார். பிடுங்கிய இடத்தில் வேலி வாய் திறந்து நின்றது.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில் விழுந்தது. சூசைதாசன் பட்டினத்தில் மோட்டார்த் திருத்தகம் வைத்திருப்பவர். சீவரத்தினத்தின் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் பட்டினத்தில் அவர் ஒருவரே. அந்தச் சிறப்பே அன்றைக்கு அவருக்குக் குற்றமாயிற்று. வேறு யார்மேலும் பழி போட இடமில்லை.

"ஐயா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ…"

"எந்தக் கையாலையடா இறுக்கினனி? சொல்லு! எந்தக் கையாலை?"

சூசைதாசனின் வலக்கை, தலையைக் காப்பதற்காகத் தானாகவே மேலே எழுந்தது. அதுவே பதிலாகக் கொள்ளப்பட்டது. கதியால் மணிக்கட்டில் விழுந்தபோது எழுந்த ஒலி, பச்சைத் தடி முறிவது போன்றதன்று. காய்ந்த பனைமட்டை முறிவது போன்றது. அந்த ஒலி விறாந்தைவரை கேட்டது.

"பெரியண்ணை!" என்றாள் மீனாம்பிகை. காற்று அதை அவருடைய காதுக்குக் கொண்டுபோகவில்லை. அல்லது கொண்டுபோயும் பயனில்லை.

"அடியுங்கோ, ஐயா," என்றார் சூசைதாசன், முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "அடிச்சு முடிச்சிட்டு அந்தப் பின்பெட்டியை ஒருக்காத் திறக்க விடுங்கோ. விசாரணைத் துரை வரமுந்தி எல்லாருக்கும் முன்னாலை திறந்து காட்டுறன். பிழை என்ரையெண்டால் மற்றக் கையையும் நீட்டுறன்."

"ஓமோ! திறந்து காட்டுவாராம். பெரிய பெட்டி வித்தைக்காரன்!" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "உள்ளையிருந்து புறா பறக்குமோ?"

"திறக்கட்டும்," என்றார் முத்துக்குமாரு. அவருக்கு ஐயமே இருக்கவில்லை. "நாலு பேர் பாக்கட்டும். திறவடா!"

மோட்டார் சைக்கிள் மாமரத்தடியில், அதை இரவிரவாய் ஏற்றிவந்த மாட்டு வண்டியிலிருந்து இறக்கிய கோலத்திலேயே சாய்ந்து கிடந்தது. செருமனியில் செய்தது, மலைநாட்டுத் தோட்டத் துரை ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. ஊர்ச் சனம் அதைச் 'சங்கிலியில்லாத சைக்கிள்' என்று அழைத்தார்கள். மற்றவற்றில் சங்கிலி செய்கிற வேலையை இதில் ஓர் இரும்புத் தண்டு செய்தது. எஞ்சினிலிருந்து பின்னோக்கிப் போகும் அந்தத் தண்டு, பின்சில்லின் நடுவே உள்ள ஒரு பெட்டிக்குள் நுழையும். அங்கே இரண்டு பற்சில்லுகள் ஒன்றையொன்று கடித்துச் சுற்றிச் சில்லை உருட்டும். பெட்டிக்குள் பாகுபோன்ற எண்ணெய் நிற்க வேண்டும். அது நிற்கும்வரை அந்தப் பெட்டியை ஒருவரும் நினைப்பதில்லை.

சூசைதாசன் இடக்கையால் ஸ்பானரைப் பிடித்துப் பெட்டியின் அடித் திருகாணியைக் கழற்றினார். இடக்கைக்கு அது பழக்கமில்லாத வேலை, நேரம் எடுத்தது. திருகாணி விழுந்தது. எண்ணெய் ஒழுகவில்லை. கரியைப்போல இரண்டு மூன்று துளிகள் மாத்திரம், விழுவதா வேண்டாமா என்று நின்று விழுந்தன. அவர் ஒரு துளியை விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

அவருடைய முகம் மாறியது. அதில் கோபம் இல்லை. வலியையும் மறந்த ஒரு திகைப்பே இருந்தது.

"ஐயா, இது நான் போட்ட எண்ணெய் இல்லை. இது எண்ணெயெண்டால்…"

முத்துக்குமாருவும் அப்போது குனிந்திருந்தார். இரண்டு தலைகளும் அந்தப் பெட்டிக்கு மேலே ஓர் அடி இடைவெளியில் நின்றன. காற்று அந்தப் பக்கத்திலிருந்து விறாந்தைக்கு வீசியது. வீசியபோது எள்ளுக் கருகிய மணம் வந்தது.

மீனாம்பிகை விசிறியைக் கீழே வைத்தாள்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள், பதினொரு நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. அந்த வீட்டில் வருடந்தோறும் நடக்கும் வேலை நடந்தது. மீன் சமைத்த சட்டிகள் கோடிப்புறத்துக்குப் போயின. புதுச் சட்டிகள் வந்தன. அடுக்களை சாணியும் மஞ்சளும் கரைத்து மெழுகப்பட்டது. திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வீட்டுக்குள் மீன் மச்சம் நுழையாது. சின்னண்ணை கிணற்றடியில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சூசைதாசன் கொடுத்தனுப்பிய கியர் எண்ணெய்த் தகரம் இருந்தது. அவ்வழியே வந்த பெரியண்ணை மூக்கைச் சுளித்தார்.

"உதென்னடா, ஊத்தை மணம்?"

"பின்பெட்டிக்கு விடுகிற எண்ணெய், அண்ணை. திமிங்கிலக் கொழுப்பும் கலந்திருக்காம். சூசை சொன்னவன்."

பகிடியாய்ச் சொன்னாரோ உண்மையாய்ச் சொன்னாரோ, மீனாம்பிகைக்குத் தெரியாது. பெரியண்ணை பகிடியை ஏற்கிற ஆள் இல்லை.

"திமிங்கிலமெண்டால் மீன்தானே? உதை வைச்சுக்கொண்டோ நாளைக்குக் கோயில் வீதிக்கு வரப்போறாய்?"

"பெட்டி பூட்டிக்கிடக்கு, அண்ணை. சுவாமி திறந்து பாக்கப்போறாரே?"

"சுவாமிக்குத் திறக்கத் தேவையில்லை. ஊத்தடா கீழை. தங்கச்சி, நல்லெண்ணெய்ப் போத்தலைக் கொண்டா. புனலும் கொண்டா."

சின்னண்ணை சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒருமுறை, "இதுக்கு அது தாங்குமோ தெரியேல்லை," என்றார். பெரியண்ணை, "எங்கடை மனிசர் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்மட்டும் வைச்சுத் தேய்க்கிற எண்ணெய். இரும்புக்குக் கூடாதோ? தீர்த்தம் முடிய மாத்து," என்றார். பழைய எண்ணெய் வாழையடியில் ஊற்றப்பட்டது. மீனாம்பிகை புனலைப் பிடித்தாள், பெரியண்ணை வார்த்தார். செக்கில் ஆட்டிய புது எண்ணெய் பொன்னிறமாய் இறங்கியது. பழைய கறுப்புப் பாகைவிட அது எவ்வளவோ சுத்தமாய் இருந்ததென்று அவளும் அப்போது எண்ணினாள். சின்னண்ணை பெற்றோல் தாங்கியில் தட்டி, "சரி, இவனும் விரதம் பிடிக்கட்டும்," என்றார்.

பதினொரு நாளில் அந்த எண்ணெய் சூட்டில் தண்ணீராய் இளகி, பெட்டியின் ஓரங்களால் கசிந்து போயிருந்தது. மிஞ்சியதே இப்போது மாமரத்தடியில் மணந்தது.

முத்துக்குமாரு நிமிர்ந்தார். கொட்டிலுக்குப் போய், விறகு கொத்தும் கோடாலியோடு திரும்பினார். "ஐயோ, பிடியுங்கோ!" என்று இரண்டு பேர் ஓடினார்கள். சூசைதாசன் கண்களை மூடிக்கொண்டு நிலத்தில் ஒடுங்கினார். கோடாலி அவரைக் கடந்து போயிற்று. அது பின்பெட்டியின் மேல் இறங்கியது. முதல் வெட்டில் பெட்டி பிளந்தது. அடுத்ததில் ஒரு பக்கம் உடைந்து தெறித்து வண்டிமாட்டின் காலடியில் விழ, மாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. பற்கள் தேய்ந்து நீலம் பாரித்த பற்சில்லு ஒன்று உருண்டுபோய் மாமர வேரில் முட்டி நின்றது. அவர் நிறுத்தவில்லை. மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் "என்ரை தம்பி, என்ரை தம்பி" என்று சொல்லிச் சொல்லி வெட்டினார்.

"பாவம். கூடப் பிறந்த இரத்தம் கொதிக்குது," என்றார் ஒரு கிழவர்.

மீனாம்பிகை கோடாலியைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது பெரியண்ணையின் இடக்காலை. கை வெட்டிக்கொண்டிருக்க, அந்தக் கால் துளிகள் விழுந்த இடத்தின்மேல் மண்ணைத் தள்ளி, தள்ளிய மண்ணை மிதித்து, மறுபடியும் தள்ளியது.

அவர் கைகால் கழுவக் கிணற்றடிக்கு வந்தபோது அவள் அங்கே நின்றாள்.

"பெரியண்ணை, நல்லெண்ணெய் மணத்தது."

"செத்தவீட்டிலை நல்லெண்ணெய் மணக்காமல் வேறை என்ன மணக்கும்?"

"அந்த மனிசனுக்கு இனிக் கை சரிவராது."

அவர் வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். கயிறு கையிலிருந்து வழுக்கி ஓடியது, பிடிக்கவில்லை. வாளி தண்ணீரில் அறைந்தது.

"நான் கொல்லவோ வாத்தனான்? சொல்லடி. கொல்லவோ வாத்தனான்?"

"இல்லை."

"அப்ப வாயை மூடிக்கொண்டு உள்ளை போ. உவனுக்கு மிஞ்சினால் ஒரு வரியம், ரெண்டு வரியம் மறியல் வீடு. உயிர் போகாது. பராசக்திக்கு இது தெரிஞ்சால்? அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வளவாலை போயிடுவாள். என்ரை முகத்திலை முழிப்பாளோ? ஆர் அவளைப் பாக்கிறது? ஆர் உன்னைப் பாக்கிறது?" குரல் தணிந்தது. "தங்கச்சி, பிறத்தியான் கரையூர்க்காரன் ஒருத்தனுக்காக என்னை விக்காதை."

அவருடைய உள்ளங்கைகளில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. அவள் வாளியை இழுத்து, அவருடைய கைகளில் தண்ணீர் வார்த்தாள். சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை அது. அவர் அழுதார். அவளுக்கு அவர்மேல் இரக்கமாய்த்தான் இருந்தது.

மரண விசாரணை அதிகாரி செபநாயகம் பதினொரு மணிக்குப் பின் ஒரு பொலிஸ்காரரோடு வந்தார். மெலிந்த மனிதர்; தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, விறாந்தைக்கு ஏறி, உடலைக் குனிந்து பார்த்தார். தலைக்காயத்தைப் பார்த்தபோது மாத்திரம் அவருடைய உதடுகள் இறுகின.

"இனிக் குளிப்பாட்டுங்கோ," என்றார். "ஆனால் என்ரை தீர்ப்பு எழுத்திலை கையிலை வருமட்டும் பிரேதம் படலை தாண்டக்கூடாது."

முற்றத்தில் மேசை போடப்பட்டது. காகிதங்கள் பறக்காதிருக்க அதன்மேல் ஒரு பாக்குவெட்டி வைக்கப்பட்டது. முதலில் முத்துக்குமாரு அழைக்கப்பட்டுச் சத்தியம் செய்தார்.

"இந்த மோட்டார் சைக்கிளைக் கடைசியாய்த் திருத்தினது ஆர்?"

"உந்தச் சூசைதாசன், ஐயா. கொடியேற முந்தின கிழமை. பின்பெட்டியைக் கழற்றிப் பூட்டினவன்."

"அதுக்குப் பிறகு அந்தப் பெட்டியிலை வேறை ஆரும் கைவைச்சவையோ?"

மீனாம்பிகை விறாந்தையின் தூணுக்குப் பின்னால் நின்றாள். பின்னால் உறவினர் உடலைச் சுற்றி மறைப்புப் பிடித்துக் குளிப்பாட்டத் தொடங்கியிருந்தார்கள். கலங்கிச் சிவந்த தண்ணீர் வாசற்படியால் இறங்கியது.

"இல்லை, ஐயா."

"நிச்சயமோ?"

"நல்லூரான் கொடியேறி நிக்கிற நாளிலை பொய் சொல்லுவனோ, ஐயா? அவர் சாட்சி."

அவள் தூணைப் பிடித்தாள். ஒரு துளி மீனெண்ணெய் அந்தச் சாட்சிக்கு முன்னால் போகக்கூடாது என்பதற்காகத்தான் அவள் அன்று புனலைப் பிடித்தாள்.

"பெட்டியை உடைச்சது ஆர்?"

"நான்தான். கோவத்திலை, ஐயா. தம்பியைத் திண்ட சாமான். பாத்துக்கொண்டு நிக்க ஏலேல்லை."

செபநாயகம் தலையசைத்தார், எழுதினார். பிறகு சூசைதாசனைப் பார்த்தார். "உம்மடை கைக்கு என்ன நடந்தது?"

சூசைதாசன் விறாந்தைப் பக்கம் பார்த்தார்.

"அதைப் பொலிசிலை சொல்லுறன், ஐயா. பிரேதம் கிடக்கிற முற்றம். இப்ப உங்கடை கேள்வியைக் கேளுங்கோ."

"சரி. நீர் என்ன சொல்லுறீர்?"

"நான் போட்டது கியர் எண்ணெய். இவைக்கும் ஒரு தகரம் குடுத்துவிட்டனான். இண்டைக்குப் பெட்டியைத் திறக்க வந்த மணம் வேறை. அது நல்லெண்ணெய். சங்கிலி சைக்கிளெண்டால், ஐயா, காய்ஞ்சால் சங்கிலி அறும்; வண்டி தானாய் உருண்டு நிக்கும். இது தண்டு. பெட்டி காய்ஞ்சு பல்லு இறுகினால் சில்லு அந்த இடத்திலேயே பூட்டும். அதுதான் நடந்தது."

"நல்லெண்ணெயாம்!" கூட்டம் சிரித்தது. "தோசை சுடுகிறதுக்கோ? நாளைக்குச் சாம்பாரெண்டும் சொல்லுவான்."

"ஆதாரம்?" என்றார் செபநாயகம்.

சூசைதாசன் மாமரத்தடியைப் பார்த்தார். அங்கே உடைந்த உலோகமும் மிதிபட்ட மண்ணும் கிடந்தன.

"இல்லை, ஐயா."

செபநாயகம் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். கவனயீனத்தால் மரணம் விளைவித்தார் என்ற சந்தேகத்தின்பேரில் இவரை நீதவானிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது என்று, எழுதப்போவதை முதலில் வாயால் சொன்னார். அது கேட்டதும் பொலிஸ்காரர் விலங்கை எடுத்து, சூசைதாசனின் வலக்கையைப் பிடித்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது, வளையம் பூட்டவில்லை. பொலிஸ்காரர் தம் கடமையில் குறைவைக்காதவர். இரண்டு கையாலும் வளையத்தை அழுத்தினார். சூசைதாசனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை அலறல் என்று சொல்ல முடியாது. தாகத்தில் மாடு எழுப்பும் குரல் போல அது அடித்தொண்டையில் தொடங்கி அங்கேயே நின்றது.

"விடுங்கோ," என்றாள் மீனாம்பிகை.

தான் தூணை விட்டுப் படியிறங்கியிருப்பதை அவள் பிறகே உணர்ந்தாள். செத்தவீட்டு முற்றத்தில், அந்நிய ஆண்களுக்கு நடுவில், கலைந்த தலையோடு நின்றாள்.

"நல்லெண்ணெய்தான், ஐயா. கொடியேற்றத்துக்கு முதல்நாள், கிணத்தடியிலை வைச்சு விட்டது. எங்கடை வீட்டுப் போத்தில்."

"தங்கச்சி, உள்ளை போ!" என்றார் முத்துக்குமாரு.

"விட்டது ஆர், பிள்ளை?" என்றார் செபநாயகம்.

"பெரியண்ணை வாத்தவர். மற்ற எண்ணெயிலை மச்சக் கொழுப்பு இருக்கெண்டு. புனலைப் பிடிச்சது நான். சின்னண்ணை பக்கத்திலை நிண்டு சிரிச்சவர்."

கடைசி வசனத்தை அவள் முடிக்கும்போதே முத்துக்குமாரு அவளை எட்டிப் பிடித்துவிட்டார். தலைமயிரை முறுக்கிப் பந்தற்காலோடு மோதினார். வெள்ளைத் துணி முழுவதும் அதிர்ந்தது. இரண்டாம் முறை மோதியபோது அவளுடைய புருவத்துக்கு மேலே பிளந்தது. "என்ரை சோத்தைத் திண்டு, என்ரை சோத்தைத் திண்டு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் சூசைதாசனின் கைகளை முறுக்கிப் பிடித்த அதே இருவர் இப்போது அவருடைய கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். பழகிய கைகள், விரைவில் முடிந்தது.

மறைப்புத் துணியை விலக்கிக்கொண்டு பராசக்தி வெளியே வந்தாள். முழங்கைவரை ஈரமும் அரப்பும். எவ்வளவு நேரமாய் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நேரே மீனாம்பிகையிடம் வந்தாள்.

"நீயும் நிண்டனியோ, மச்சாள்?"

"ஓம்."

"புனல் பிடிச்சனியோ?"

"ஓம், மச்சாள்."

பராசக்தி அவளைக் கன்னத்தில் அறைந்தாள். ஈரக்கை, அறை சத்தமாய் விழுந்தது. பிறகு மறு கன்னத்திலும் அறைந்தாள். மீனாம்பிகை கையை உயர்த்தவில்லை. மூன்றாவதற்கு ஓங்கிய கை காற்றில் நின்று, மெல்ல இறங்கி, மீனாம்பிகையின் புருவத்திலிருந்து வழிந்த இரத்தத்தைத் துடைத்தது. துடைத்துவிட்டு, தன் சேலையில் தடவிக்கொண்டது.

முத்துக்குமாருவை அவள் பார்க்கவேயில்லை.

"விடுங்கோடா," என்றார் அவர், பிடித்திருந்தவர்களிடம். விட்டார்கள். அவர் மேசைக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்தார்.

"மீனெண்ணெயோடை கோயிலுக்குப் போகக்கூடாதெண்டுதான், ஐயா," என்றார். "வேறை ஒண்டுக்கும் இல்லை. தீர்த்தத்தோடை மாத்தச் சொன்னனான்."

"முதல் கேட்டபோது ஏன் சொல்லேல்லை?"

அவர் மறுமொழி சொல்லவில்லை. செபநாயகம் அதையும் எழுதினார். முன்பு எழுதத் தொடங்கிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். புதிய தாள் ஒன்றை எடுத்தார். பொலிஸ்காரர் விலங்கைப் பார்த்தார், சூசைதாசனைப் பார்த்தார், விலங்கை இடுப்பில் மாட்டிக்கொண்டார். வண்டிக்காரர் எங்கிருந்தோ உட்கார ஒரு வாங்கைக் கொண்டுவந்து சூசைதாசனுக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் அப்படி ஒரு வாங்கு அந்த வளவில் இருந்ததாகத் தெரியவில்லை. சூசைதாசன் அதில் உட்காரவில்லை. மேசையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார்.

எழுத நேரம் எடுத்தது. எழுதியதைச் செபநாயகம் எழுந்து நின்று வாசித்தார். சீவரத்தினம் என்பவர், தாம் செலுத்திய மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் உரியதல்லாத எண்ணெய் வார்க்கப்பட்டமையால் பற்சில்லுகள் இறுகி, பின்சில்லு நின்று, தூக்கியெறியப்பட்டு, தலையிற் பட்ட காயத்தால் மரணமடைந்தார். எண்ணெய் வார்த்தவர் மூத்த சகோதரர் முத்துக்குமாரு. தீங்கு எண்ணி வார்க்கவில்லை. திருத்துநர் சூசைதாசன் மேல் குற்றமில்லை. சத்தியத்தின்மேல் பொய் சொன்னதும் சான்றுப்பொருளை உடைத்ததும் பற்றி நீதவானுக்குத் தனியே எழுதப்படும்.

"மரணம்: தற்செயல்," என்று முடித்தார்.

சாட்சிகள் ஒப்பமிட அழைக்கப்பட்டனர். சூசைதாசனுக்குப் பேனா கொடுக்கப்பட்டது. அவர் அதை வலக்கையில் வாங்க முனைந்து, நிறுத்தி, இடக்கையால் வாங்கிப் பார்த்தார். பின்பு பேனாவை வைத்துவிட்டு, இடப்பெருவிரலை மையில் தோய்த்து, தம் பெயருக்கு நேரே வைத்தார். எழுதத் தெரிந்தவர் வைத்த அடையாளம் அது, ஒருவரும் சிரிக்கவில்லை. மீனாம்பிகை தன் பெயரை எழுதினாள். எழுத்துகள் நேராக வந்தன. அது அவளுக்கே வியப்பாயிருந்தது.

செபநாயகம் கடைசியாய் ஒப்பமிட்டார். ஒற்றுத்தாள் காற்றில் போய்விட்டிருந்ததால், மை உலரும்வரை தாளை அசைத்தார்.

"இனிப் பிரேதத்தைக் கொண்டுபோகலாம். இதை ஆர் பொறுப்பெடுக்கிறது?"

வழக்கப்படி எல்லாக் கண்களும் முத்துக்குமாரு இருந்த இடத்துக்குப் போயின. அவர் எழுந்தார். மண் ஒட்டியிருந்த வலக்கையை வேட்டியில் துடைத்தார். போதாதென்று மறுபடியும் துடைத்தார். உடைந்த கொப்புளங்கள் நீர்விட்டுக்கொண்டிருந்தன. கையை நீட்டினார்.

செபநாயகம் தாளை நீட்டினார். இரண்டு கைகளுக்கும் இடையே பராசக்தி வந்து நின்றாள். தாளை இரண்டு கைகளாலும் பற்றி வாங்கினாள்; வாங்கிய இடத்தில் அரப்பின் ஈரம் பட்டு, ஓரம் மஞ்சளாயிற்று. அவள் அதை மடிக்கவில்லை. காற்று அதை ஒருமுறை வளைத்துப் பார்த்தது.

வேலியோரம் இருந்தவர்கள் பறைகளை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, அடிக்கச் சொல்கிற குரலுக்காகப் பெரியண்ணையைப் பார்த்திருந்தார்கள். அவருடைய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.